ஒரு மாத்திரையைத் தடுத்தால் இன்னொன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வலி மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்துவதற்கு முழுத் தடைதான் தீர்வு என்போர் 2018-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு டிரமடால் என்ற வலி மாத்திரை போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. பின்னர் டபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரை அந்த இடத்துக்கு வந்து நின்றது. பிரிட்டன் 2016 மே 26 முதல் மது, புகையிலை, காபி போன்றவை நீங்கலாக மயக்கம் தரும் பொருள்கள் எல்லாவற்றின் விற்பனையையும் ஒரே சட்டத்தில் தடுத்தது. அவற்றை விற்ற கடைகள் மூடின, அது நல்லதே. ஆனால் செயற்கைக் கஞ்சா தெருவிலும் சிறையிலும் தொடர்ந்தது. அதில் இலைமேல் தெளிக்கும் வேதிப்பொருள் சீராகப் படியாது. ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாது, அடுத்தது ஆளைச் சாய்த்துவிடும்.

மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது இன்னும் கொடியது. அதிலுள்ள டால்க் கரையாமல் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி தொற்றும்.

கடலூர், புதுச்சேரி இரண்டிலும் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மொத்த விற்பனை ரசீதையும் கடை இருப்பையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு நிர்வாகம் என்பது சாக்காகக் கூடாது.

பெற்றோருக்கு: கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலம் பாரித்து, மூச்சு மெதுவானால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். இம்மாத்திரைகளின் விளைவை முறிக்கும் மருந்தான நலாக்சோன் 30 முதல் 90 நிமிடமே வேலை செய்யும். எழுந்துவிட்டான் என்று வீட்டுக்கு அழைத்துப்போனால் மூச்சு மறுபடி நிற்கலாம். இம்மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருப்பில் இருக்கட்டும். சிகிச்சை ஆலோசனைக்கு 14446.

மருந்தாளுநர்கள் சிலர்,
கடலூர் முதுநகர்