படங்கள் ஏன் குறைகின்றன: பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாத்தா, அப்பாயி, அம்மாயிகளுக்கும் வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் படங்களைக் காணோமே என்று பலர் கேட்டுவிட்டீர்கள். இனி அங்கே வராது. வகுப்புக் குழுக்கள் விடுமுறை அறிவிப்புக்கும் வேன் நேரத்துக்கும் மட்டும் இருக்கும். குழந்தைகளின் படங்களும் வளர்ச்சிக் குறிப்புகளும் ஜூலை முதல் ஒரு செயலி வழியாக உங்கள் கைபேசிக்கு வரும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: செயலி வந்தாலும் படங்களின் எண்ணிக்கை சென்ற ஆண்டைவிடக் குறையும். பணம் கட்டுகிறவர்கள் நீங்கள். ஒன்று குறைந்தால் ஏன் என்று கேட்பது உங்கள் உரிமை. அதனால்தான் மடல் சற்று நீளம்.

முதலில் வாட்ஸ்அப். ஒரு வகுப்பின் குழுவில் பெற்றோர், அவர்கள் சேர்த்துவிட்ட சித்தப்பா, அத்தை என்று எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அதில் போடும் படம் பெரும்பாலும் அத்தனை பேருடைய கேலரியிலும் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அதை அழிப்பதும், இன்னொருவருக்கு அனுப்புவதும், ஸ்டேட்டஸில் வைப்பதும் அவரவர் விருப்பம். உங்கள் மகள் தண்ணீர்த் தொட்டி அருகே சட்டை நனைய நிற்கும் படம் நீங்கள் முன்பின் அறியாத ஒருவரின் ஸ்டேட்டஸில் வரலாம். போட்டவர் கண்ணுக்கு அதில் தன் பேரன் மட்டுமே தெரிந்திருப்பான்; அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. படம் தெளிவாக வேண்டும் என்று டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்கிறோமே, அப்போது படம் எடுத்த இடத்தின் விவரமும் கோப்போடு சேர்ந்தே போகக்கூடும். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நீக்கிவிடுகிறது. இவை தவிர, பெற்றோருக்கிடையே வழக்கு நடக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதே வெளியே கசியக் கூடாத செய்தி. (குட் மார்னிங் ரோஜாப்பூக்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.)

செயலியில் ஒரு வீட்டுக்கு அந்த வீட்டுக் குழந்தையின் பக்கம் மட்டுமே திறக்கும். வாரம் முழுவதும் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வெள்ளி இரவு ரயிலில் வரும் அப்பா, இரும்பாலையில் ஷிப்டுக்குப் போகும் அம்மா, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி என்று ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தரலாம். யார் யாருக்கு என்பதைப் பெற்றோர் எழுதித் தர வேண்டும். ஒரே படத்தில் மூன்று குழந்தைகள் இருந்தால் அந்த மூன்று வீடுகளுக்கு மட்டும் போகும். அதுவும் மூன்று வீடுகளும் சம்மதித்திருந்தால். ஏற்காட்டில் எஸ்டேட்டுக்கும் விடுதிகளுக்கும் வேலைக்குப் போகிற பெற்றோர் சிலர் சிக்னலைப் பற்றிக் கேட்டார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எங்காவது சிக்னல் விட்டுப்போனால் கவலை வேண்டாம். கிடைத்த இடத்தில் வந்து சேரும். அவசரமான எதையும் செயலியில் அனுப்பப்போவதில்லை. காய்ச்சல், வாந்தி, விழுந்து அடி என்றால் நேராகத் தொலைபேசியில் அழைப்போம். சின்னக் குழந்தைகள் வகுப்பில் கடித்துக்கொள்வதும் நடக்கும். கடிபட்டால் அழைத்துச் சொல்வோம், கடித்த பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டோம். அந்தப் பிள்ளைக்கு இரண்டு வயது. பேச்சு வராத இடத்தில் பல் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இனி, படங்கள் ஏன் குறைகின்றன என்பதற்கு வருகிறேன். வகுப்பில் ஒரு மணிநேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள் என்று எந்தப் பெற்றோரையும் அழைக்கத் தயார். இரண்டரை வயதுப் பிள்ளை ஒன்று மணலைக் குவளையில் அள்ளி இன்னொரு குவளைக்கு மாற்றிக்கொண்டிருக்கும். முதல் குவளை பெரியது, இரண்டாவது சிறியது. மணல் வழிகிறது, ஏன் என்று அதற்குப் புரியவில்லை, மறுபடி ஊற்றுகிறது. ஆசிரியை டேப்லெட்டைத் தூக்கியதும் கை நின்றுவிடும். முகம் இந்தப் பக்கம் திரும்பும், இரண்டு விரல் உயரும், வாய் தானாகச் சிரிக்கும். உங்களுக்கு நல்ல படம் கிடைத்துவிட்டது. பிள்ளைக்கு அந்த விளையாட்டு முடிந்துவிட்டது. பக்கத்தில் நான்கு பேர் "மிஸ், என்னை எடுங்கள்" என்று வரிசை கட்டியிருப்பார்கள். அதே நேரத்தில் மூலையில் ஒருவன் களிமண்ணைத் தின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவனைப் பார்க்க வேண்டிய கண்கள் திரையில் இருக்கும்.

எடுப்பதோடு முடிவதில்லை. பின்னணியில் வேறு குழந்தை இருக்கிறதா, உடை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பெயர் சேர்த்து, இரண்டு வரி எழுதி ஏற்ற வேண்டும். அந்த வேலை குழந்தைகள் தூங்கும் நேரத்தில் நடக்கும், அதாவது ஆசிரியை சாப்பிட வேண்டிய நேரத்தில். இதுபோன்ற செயலிகள் நம்மைவிட முன்பே பரவிய இங்கிலாந்தில், 2021-இல் திருத்திய மழலையர் கல்விச் சட்டகம், குழந்தையை மதிப்பிடுவதற்காக ஆசிரியர் குழந்தையை விட்டு நெடுநேரம் விலகியிருக்கக் கூடாது, அளவுக்கு மிஞ்சிய எழுத்துவேலையும் கூடாது என்று சொல்கிறது. அனுபவப்பட்டவர்கள் எழுதிய வரி அது.

ஆகவே நம் கணக்கு இதுதான்: ஒரு குழந்தைக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று படங்கள், ஒரு குறிப்பு. எந்த நாளில் எந்தக் குழந்தைகள் என்று முறை வைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் கேமராவுக்கு முன்னால் ஓடி வருகிற பிள்ளைகளுக்கே படம் குவியும். ஆயாம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளையின் வீட்டுக்கு முதுகு மட்டும் போய்ச் சேரும். படம் வராத நாளில் உங்கள் பிள்ளை அழுதது, தனியாக உட்கார்ந்தது என்று எதுவும் பொருளில்லை. அன்று வேறு பிள்ளையின் முறை. குளியலறை, உடை மாற்றும் நேரம், தூக்கம், அழுகை ஆகியவற்றைப் படம் எடுப்பதில்லை. ஒன்றரை வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் எத்தனை மணிக்குத் தூங்கியது, எவ்வளவு சாப்பிட்டது என்பது தினமும் எழுத்தில் வரும்.

குறிப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை நீங்கள் எதிர்பார்க்கும் மதிப்பெண் அட்டை போல இருக்காது. "நன்று", "மிக நன்று" என்று எழுத வேண்டாம் என்று ஆசிரியைகளிடம் சொல்லியிருக்கிறேன். அவற்றால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. பார்த்ததை எழுதுவார்கள். இப்படி ஒரு குறிப்பு வரலாம்: "கம்பியில் மணிகளைக் கோத்தாள். ஏழு மணிகள் வரை பொறுமையாகக் கோத்துவிட்டு, 'கொலுசு' என்று என் காலில் வைத்து அளந்தாள். பத்தவில்லை என்றதும் இன்னும் மூன்று கோத்தாள்." செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் வீடுகளில் இதைப் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் தோன்றும். அந்த மூன்று வரியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டன, நாளை பென்சில் பிடிக்கப்போகிற விரல்கள் அவை. நீளத்தை ஒப்பிடத் தெரிகிறது. வீட்டில் பார்த்ததை விளையாட்டாக்கத் தெரிகிறது. குறைந்ததைக் கூட்டிச் சரிசெய்யத் தெரிகிறது. கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒன்று முதல் நூறு வரை ஒப்பிப்பதில் அல்ல.

2022-இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும், மூன்று முதல் ஆறு வயது வரை தேர்வு என்பதே பொருந்தாத முறை, குழந்தையைக் கவனிப்பதும் அது செய்த பொருள்களைப் பார்ப்பதுமே மதிப்பீடு என்கிறது. செயலியில் நட்சத்திரம், புள்ளி, வகுப்பில் யார் முதலிடம் என்று காட்டும் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. அவற்றை மூடி வைத்திருக்கிறோம். திறக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குறிப்பை வாங்கிப் பார்த்து ஒப்பிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்; கேட்டாலும் நடக்கப்போகிறது என்று தெரியும். குறைந்தபட்சம் பிள்ளையின் காதுபட வேண்டாம். ஒரு திறன் தாமதமாக வருகிறது என்று நாங்கள் உண்மையிலேயே கவலைப்பட்டால் அதைச் செயலியில் எழுத மாட்டோம். நேரில் வரச்சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு பேசுவோம்.

"இன்று பள்ளியில் என்ன செய்தாய்?" என்று கேட்டால் மூன்று வயதுப் பிள்ளை "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும். படம் உதவுவது அங்கேதான். மணல் படத்தைக் காட்டி, "இந்தக் குவளை பெரிதா, அது பெரிதா? மணல் ஏன் கீழே கொட்டியது? பக்கத்தில் யார்?" என்று கேளுங்கள். நடந்ததை இப்படிக் கேட்டுப் பேசவைப்பது நினைவாற்றலையும் பேச்சையும் வளர்க்கிறது என்பது குழந்தை உளவியலில் நன்றாக நிறுவப்பட்ட செய்தி. ஆனால் கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடாதீர்கள். அது இரண்டு முறை தள்ளினால் தன் படத்திலிருந்து கார்ட்டூனுக்குப் போய்விடும். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் திரை நேரம் ஒரு மணிநேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. உங்கள் மடியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கைபேசியை எடுத்து வைத்துவிடுங்கள்.

பாதுகாப்புப் பற்றிக் கேட்டவர்களுக்கு: செயலி என்றால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2025 செப்டம்பரில், லண்டன் பகுதியில் கிளைகள் வைத்திருக்கும் ஒரு மழலையர் பள்ளி நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 8,000 குழந்தைகளின் பெயர், படம், வீட்டு முகவரி ஆகியவை திருடு போயின. திருடியவர்கள் சில குழந்தைகளின் விவரங்களை இணையத்தில் போட்டுப் பணம் கேட்டார்கள். பெற்றோர் சிலரைத் தொலைபேசியிலேயே மிரட்டினார்கள். அடுத்த மாதம் 17 வயதுடைய இருவர் கைதானார்கள். அந்தப் பள்ளி பயன்படுத்திய செயலியின் நிறுவனமோ தன் கட்டமைப்பு உடைக்கப்படவில்லை என்றது. பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எனவே வகுப்புக்கு ஒரு டேப்லெட். அது இரவில் பள்ளியிலேயே பூட்டப்படும். ஆசிரியைகளின் சொந்தக் கைபேசிகள் வகுப்பு நேரத்தில் அலுவலக அறையில் இருக்கும். நுழையக் கடவுச்சொல்லோடு ஓடிபியும் வேண்டும். வீட்டு முகவரி, ஆதார் எண், மருத்துவ விவரம் எதையும் செயலியில் ஏற்றவில்லை. இல்லாததை யாரும் திருட முடியாது. பிள்ளை பள்ளியை விட்டுப் போனதும் படங்களை உங்களுக்குத் தந்துவிட்டு எங்கள் பக்கத்தில் அழித்துவிடுவோம். நீங்களும் உங்கள் ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள், பள்ளியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும்.

வகுப்பறை கேமராவை நேரலையாகக் கைபேசியில் காட்டுங்கள் என்று சிலர் கேட்டீர்கள். முடியாது. நீங்கள் உங்கள் பிள்ளையைப் பார்க்கும்போது மற்ற எல்லார் பிள்ளைகளையும் பார்க்கிறீர்கள், அவர்களும் அப்படியே. ஒரு சந்தேகம் வந்தால் நேரில் வந்து என்னுடன் உட்கார்ந்து பதிவைப் பாருங்கள்.

இதோடு ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறேன். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் இருக்கிறது. அதுவரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. படிவத்தில் தனிப்படம், தோழர்களுடன் படம், குறிப்பு மட்டும் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பள்ளியின் விளம்பரப் பலகைக்கும் முகநூல் பக்கத்துக்கும் தனிக் கட்டம். அதில் 'இல்லை' என்று போடுவதால் எங்களுக்கு எந்த மனவருத்தமும் கிடையாது. கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் ஒரு வரி எழுதித் திரும்பப் பெறலாம். ஒப்புதல் தராத வீட்டுப் பிள்ளையைத் தள்ளி நிற்கவைத்துப் படம் எடுக்க மாட்டோம். படம் எடுக்கும் கோணத்தை மாற்றிக்கொள்வது ஆசிரியையின் பொறுப்பு.

ஆடி மாதம் வருகிறது. குகைப் பகுதி மாரியம்மன் திருவிழாவில் சாமி வேடம் கட்டியவர்கள் வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கையைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் மாரியம்மன், முருகன் வேடம் கட்டுவார்கள். அன்று உங்கள் கைபேசியில் நீங்களே படம் எடுக்கலாம், தடையில்லை. வெளியில் போடும் முன் பக்கத்தில் நிற்கும் அடுத்த வீட்டு விநாயகரைப் படத்திலிருந்து வெட்டிவிடுங்கள், அல்லது அவருடைய அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படிவத்தை ஜூன் மாத இறுதிக்குள் அலுவலகத்தில் தரவும். செயலியை நிறுவத் தெரியாதவர்கள் சனிக்கிழமை காலை கைபேசியோடு வந்தால் செய்து தருவோம். தாத்தா பாட்டிகள் கண்ணாடியையும் எடுத்து வரவும். செயலியே வேண்டாம் என்பவர்களுக்கும் ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்கும் வாரக் குறிப்பு வழக்கம்போல டைரியில் எழுதி அனுப்பப்படும், அச்சிட்ட படம் மாதம் ஒன்று சேர்த்து.

இப்படிக்கு,
தாளாளர்,
மழலையர் விளையாட்டுப் பள்ளி,
அஸ்தம்பட்டி, சேலம்