அம்மாவுக்கு எத்தனை எழுத்து?

கும்பகோணம்

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. தங்கச்சி சொல்கிற பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே.

"தமிழ் வாத்தியாருக்கு எதற்கு சி என்ற கணினி மொழி?" என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்தும் அசையும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பாட்டைக் கொடுத்தால் அதில் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும் புரோகிராமை என் கையாலேயே எழுத வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதான். பேத்திக்குக் கல்லூரியில் முதலாண்டுப் பாடம் சி. அவள் புத்தகத்தில்தான் ஆரம்பித்தேன்.

முதல் மாதம் கஷ்டப்பட்டேன். நாம் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் ஸ்கேன்எஃப் கட்டளையில், அதைச் சேமிக்கும் மாறியின் பெயருக்கு முன் & போட மறந்தேன்; ஓடவிட்டதும் புரோகிராம் பாதியில் நின்றுபோனது. இணையத்தில் கேட்டேன். திரையை போனில் படமெடுத்துப் போட்டதற்கு ஒருவர் கடிந்துகொண்டார். இன்னொருவர், "புரோகிராமை எழுத்தாகவே ஒட்டுங்கள், கம்பைலர் சொல்வதை ஒரு வரி விடாமல் போடுங்கள்" என்று பொறுமையாகச் சொன்னார். கம்பைலர் என்றால் நாம் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது; என்னுடையதன் பெயர் ஜிசிசி. எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் காட்டும்படி அதனிடம் கேட்பது எப்படி என்றும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அதற்கப்புறம் பாதிப் பிழையை நானே கண்டுபிடித்துவிடுகிறேன்.

பிறகுதான் என் 'அம்மா' வந்தாள். நீளத்தைச் சொல்லும் ஸ்ட்ரிங் ஃபங்ஷனிடம் அந்தச் சொல்லைக் கொடுத்தேன். மூன்று என்று வரும் என்று காத்திருந்தால் 15 என்றது! இரவெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. மறுநாள் கேட்டபோது, தமிழே தெரியாத ஒருவர் பதில் எழுதினார். விடையைச் சொல்லவில்லை. "ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக அச்சடித்துப் பாருங்கள். எந்த எண் திரும்பத் திரும்ப வருகிறது?" என்று மட்டும் கேட்டார். பைட்டு என்றால் கணினி நினைவில் ஓர் எண் வைக்கும் சிறு அறை. லூப் போட்டு ஒவ்வொன்றாக அச்சடித்தேன். -32, -82, -123 என்று எல்லாம் கழித்தல் எண்கள். என் கணினியில், பைட்டை வைக்கும் 'சார்' (char) என்ற வகை கழித்தல் எண்ணையும் ஏற்குமாம்; கழித்தல் வேண்டாம் என்பதற்கு 'அன்சைன்ட்' என்று சேர்த்ததும் அதே பைட்டுகள் 224, 174, 133 ஆகின. வரிசையில் விரலை வைத்துப் பார்த்தேன். மூன்றுக்கு ஒருமுறை 224. மொத்தம் ஐந்து 224. அதாவது மூன்று மூன்று பைட்டாக ஐந்து குறிகள். ராஜு, அந்த நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஐந்து ஏன் என்பது தமிழ் வாத்தியாருக்குத்தானே தெரியும்? அ, ம, புள்ளி, ம, கால். நாம் ம் என்ற மெய்யோடு அகரம் சேர்ந்து ம ஆனது என்கிறோம். கணினி ம-வை முதலில் வைத்து, புள்ளியைத் தனியாகப் போட்டு அகரத்தை எடுக்கிறது. இதை அவருக்கு விளக்கி எழுதினேன். அவர் எனக்கு வேறொரு கதை சொன்னார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி சி-யை உருவாக்கியபோது, ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதுமானதாக இருந்தது. உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் பைட்டுகளாக எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையை 1992இல் வகுத்தவர்களும் அதே பெல் லேப்ஸின் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும்தானாம்; அங்கே ஓர் உணவு விடுதியில், மேசையில் விரித்திருந்த தாளில் எழுதிப் பார்த்தார்களாம். நம் அம்மாவின் 15 பைட்டு அந்தத் தாளிலிருந்து வந்தது.

சரி, அப்புறம் புள்ளி, கால், கொம்பு போன்ற குறிகளை எண்ணாமல் தாண்டிப் போகச் சொன்னேன். மூன்று வந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

முகம் தெரியாதவர்கள் தங்கள் ராத்திரி நேரத்தைச் செலவழித்து எனக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பில் பையன் விடை தெரியாமல் நின்றால் நானே சட்டென்று சொல்லிவிடுவேன், உனக்குத் தெரியும். அந்த மனிதரைப் போல ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க எனக்கு வராது. இப்போது பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முயன்று பார்க்கிறேன்.

நேற்று 'ஔவையார்' என்று கொடுத்தேன், 5 என்றது. நான்குதானே வரவேண்டும்? புரோகிராமில் ஒரு மணி நேரம் தேடினேன். கடைசியில் பார்த்தால், நான் தட்டச்சு செய்த கோப்பில் ஔ இல்லை. ஒ-வும் ள-வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆத்திசூடிக் கோப்பிலும் அப்படித்தான் அடித்திருப்பேன். இன்று ராத்திரி அதைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் திருத்த வேண்டும்.

உன் பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள், எழுது.

அன்புடன்,
சுந்தரம்