பாதியில் நின்றுபோன கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர் நாவல்கள் படமாவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'நெவர் எண்டிங் ஸ்டோரி' நாவலை அப்படியே திரைக்குக் கொண்டுவந்த படம் என்று அதில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

மிஹாயேல் எண்டே ஜெர்மன் மொழியில் எழுதிய நாவல் 1979-இல் வந்தது. வொல்ஃப்கேங் பீட்டர்சன் இயக்கிய படம் 1984-இல் வந்தது. நாவலில் 26 அத்தியாயங்கள் உண்டு. படம் ஏறக்குறைய சரிபாதியில் நின்றுவிடுகிறது. பாஸ்டியன் என்ற பையன் ஒரு புத்தகம் படிக்கிறான்; அதற்குள் ஒரு கற்பனை உலகம் அழிந்துகொண்டிருக்கிறது, அதை ஆளும் குழந்தைப் பேரரசி நோயுற்றிருக்கிறாள். அவளைக் காப்பாற்ற வழி தேடிப் போகும் சிறுவன்தான் அத்ரேயு. மனிதப் பிள்ளை ஒன்று அவளுக்குப் புதுப்பெயர் வைத்தால்தான் அவள் பிழைப்பாள்.

படத்தில் நல்லது நிறைய இருக்கிறது. சோகச் சதுப்பில் அத்ரேயுவின் குதிரை மூழ்கும் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் தொண்டையை அடைக்கிறது. நாவலில் அந்தக் குதிரை பேசும். அடி எடுத்து வைக்க வைக்கத் துக்கம் கூடுகிறது, என்னை விட்டுவிட்டு நீ போ என்று அதுவே சொல்லும். படத்தில் அது வாயில்லாத ஜீவன். பையன் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கிறான், கத்துகிறான், அழுகிறான். அது அசையாமல் நிற்கிறது. பேச்சை எடுத்துவிட்டதால் அந்த இடத்தின் கனம் கூடித்தான் இருக்கிறது. ஆகவே புத்தகத்தில் உள்ள எதையும் மாற்றக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை.

என் வருத்தம் முடிவைப் பற்றியது. பாஸ்டியன் குழந்தைப் பேரரசிக்குப் புதுப்பெயர் வைக்கிறான். அழிந்துபோன உலகத்தில் மிஞ்சியது ஒரு மணல் துகள். எத்தனை வரம் வேண்டுமானாலும் கேள் என்கிறாள் அவள். அவன் டிராகன் மேல் ஏறி வந்து, தன்னை அடித்த பையன்களைத் துரத்துகிறான். படம் முடிந்தது. கூட உட்கார்ந்து பார்த்த அக்கா மகள் உடனே, "சித்தி, அப்புறம் அவன் என்னென்ன கேட்டான்?" என்றாள்.

எண்டே நாவலின் மறுபாதி முழுக்க எழுதியிருப்பது அதைத்தான். பாஸ்டியன் கேட்பதெல்லாம் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரத்துக்கும் அவனுடைய ஒரு ஞாபகம் கழன்று போகிறது. நாவலில் அவன் குண்டுப் பையன், கால்கள் வளைந்தவன். அழகாக வேண்டும் என்று ஆசைப்படுகிறான், அழகாகிறான், தான் குண்டாக இருந்ததே மறந்துவிடுகிறது. படத்துப் பையனோ முதலிலிருந்தே லட்சணமாக இருக்கிறான். அவனுக்கு அப்படி ஆசைப்படவும் ஒன்றுமில்லை, மறக்கவும் ஒன்றுமில்லை.

வரம் கேட்டுக் கேட்டு எல்லா ஞாபகத்தையும் தொலைத்தவர்கள் வாழும் நகரம் ஒன்று நாவலில் வருகிறது. ஒரு குரங்கு அவர்களுக்கு எழுத்துப் பொறித்த கட்டைகளைக் கொடுத்து உருட்ட விடுகிறது. கதை சொல்லத் தெரியாமல் போனவர்கள், என்றைக்காவது தற்செயலாக ஒரு சொல் விழும் என்று நாள் முழுக்க உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சிறுவர் இலக்கியத்தில் இதைவிட என்னைக் கலங்கடித்த பக்கங்கள் இல்லை.

1990-இல் வந்த இரண்டாம் படத்தில் ஞாபகம் போகிறதே என்று யாராவது கேட்கலாம். போகிறது, சரி. ஆனால் அங்கே அது ஒரு சூனியக்காரியின் இயந்திரம் செய்கிற வேலை. அவளைத் தோற்கடித்தால் தீர்ந்தது. நாவலில் சூனியக்காரி இருந்தாலும் ஞாபகம் போவது அவள் சதியால் அல்ல. ஆசைப்படுவதற்கு அந்த உலகத்தில் விலையே அதுதான். பாஸ்டியன் கழுத்தில் அணிந்திருக்கும் பேரரசியின் பதக்கத்தின் பின்பக்கம் உன் விருப்பப்படி செய் என்று எழுதியிருக்கிறது. அதன் அர்த்தம் அவனுக்குப் புரிவதற்குள் ஏறக்குறைய எல்லாமே கையைவிட்டுப் போய்விடுகிறது.

முதல் படத்தைப் பார்த்த எண்டே, படத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். எழுத்தாளர்களுக்கே உரிய கோபம் என்று அதை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. தண்டனை, பலி, பயம் எல்லாவற்றையும் குழந்தைகளுக்குக் காட்டத் துணிந்த படம், ஆசையின் விலையை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

மறுபாதியை விட்டதில் பாஸ்டியனுடைய அப்பாவின் கதையும் போய்விட்டது. நாவலில் அவர் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து தருபவர். மனைவி இறந்த பின் பேச்சற்றுப் போனவர். பூமிக்கடியில், மறந்த கனவுகள் மெல்லிய படங்களாகப் புதைந்திருக்கும் சுரங்கத்தில், பாஸ்டியன் ஒரு படத்தைக் கண்டெடுக்கிறான். வெள்ளை அங்கி போட்ட ஒருவர், கையில் பல் அச்சு, உடல் பனிக்கட்டிக்குள். அது யார் என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் அவரைத் தேடிப் போகவேண்டும் போலிருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியே அவனுக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, படம் நாவலின் எந்த இடத்தில் நிற்கிறது என்று இரண்டு வரியாவது சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் படத்தைப் போட்டுக்காட்டும் பெற்றோர், அது முடிந்ததும் புத்தகத்தின் பதின்மூன்றாம் அத்தியாயத்திலிருந்து வாசித்துக்காட்டலாம்.

அன்புடன்,
உங்கள் வாசகி