சர்க்கரையை எதில் பார்க்கப் போகிறாய்?

அன்புள்ள முரளி,

ஐசியு நோயாளிகளின் சர்க்கரையை இன்சுலினால் கட்டுப்படுத்தும் உன் ஆய்வுத் திட்டத்தின் வரைவு வந்து இரண்டு மாதம் ஆகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். பாலு அப்படியேதான் இருக்கிறான், கேட்காதே.

எத்தனை நோயாளிகள் வேண்டும் என்பதற்கு நாலு பக்கக் கணக்குப் போட்டிருக்கிறாய். சர்க்கரையை அளப்பதற்கு ஒரே வரி: 'குளுக்கோமீட்டரில் பார்க்கப்படும்.' அடப்பாவி!

2001-ல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வில் 1548 பேர், அறுவை ஐசியு. ஒரு பக்கத்தாரின் சர்க்கரையை இன்சுலினால் 80–110 மி.கி./டெ.லி.க்குள் பிடித்துவைத்தார்கள். ஐசியு இறப்பு 8%-லிருந்து 4.6% ஆனது. 2009-ல் நைஸ்-ஷுகர் என்ற பன்னாட்டு ஆய்வு, 6104 பேர். அதே இறுக்கிப்பிடித்த பக்கத்தில் 90 நாள் இறப்பு 27.5%, 180 வரை விட்டதில் 24.9%. சர்க்கரை 40-க்கு இறங்கியவர்கள் 6.8%, எதிர்ப்பக்கம் 0.5%. இலக்கு ஏறக்குறைய ஒன்று, வைத்தியம் வேறு. லூவனில் தமனி ரத்தம், அதைச் சோதிக்கும் ஏபிஜி (ரத்த வாயு) மெஷின், முதல் நாளிலேயே 200–300 கிராம் குளுக்கோஸ் நரம்பு வழியே. நைஸ்-ஷுகரில் பெரும்பாலும் குழாய் உணவு, அந்தந்த ஊரில் இருந்த கருவி. லூவன்காரர்களே 2023-ல் அந்த ஆரம்ப நரம்புவழி ஊட்டத்தை எடுத்துவிட்டு 9230 பேரிடம் பார்த்தார்கள். ஐசியு நாள் குறையவில்லை.

நார்அட்ரினலின் (ரத்தக் குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் மருந்து) ஓடுகிறவரின் விரலில் குத்தினால் கிடைப்பது அந்த விரலின் சர்க்கரை, உடம்பின் சர்க்கரை அல்ல. ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) குறைந்தால் குளுக்கோமீட்டரின் பல ஸ்ட்ரிப்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினை ஏற்றுவாய். தமனியில் போட்ட குழாயிலிருந்து எடுத்தாலும் ஆபத்து உண்டு: அந்தக் குழாய் அடைக்காமல் கழுவும் ஃபிளஷ் பையாக யாராவது டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) மாட்டியிருந்தால் 300 காட்டும், ஆள் 30-ல் இருப்பார். சலைன் (உப்புக் கரைசல்) மட்டும் என்று எழுது. குழாயில் நிற்கும் அளவைப் போல மூன்று மடங்கு ரத்தத்தை எடுத்த பிறகே சாம்பிள்.

இன்சுலின் 100 யூனிட், 100 மில்லி சலைனில். பிளாஸ்டிக் இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும், முதல் 20 மில்லியை ஓடவிட்டுக் கொட்டச் சொல். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் ஒரே ஃபிரிட்ஜில் கிடக்கும்: அந்த 100 யூனிட்டுக்கு முன்னதில் 2.5 மில்லி, பின்னதில் 1 மில்லி. சிரிஞ்ச் மாறினால் இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். ஒரே வகைக் குப்பிதான் என்று முடிவு செய்.

சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது ஃபீட் (குழாய் உணவு) நிற்கும், இன்சுலின் பம்ப் நிற்காது. இரவில் 35-க்கு இறங்குவது பாதி இப்படித்தான். ஃபீட் நின்றால் இன்சுலினும் நிற்கட்டும், அரை மணியில் மறுபடி பார்.

எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்துவிட்டாயா? இல்லையென்றால் படிவத்தில் நாலு கட்டம் சேர்: நேரம், எடுத்த இடம், கருவி, அன்றைய ஹீமட்டோகிரிட். திருத்தியதை அனுப்பு, இந்த முறை இரண்டே நாளில் பதில்.

உன்,
சேகர்