கவுனி நெல் ரெண்டு ரகத்தையும் எங்க கண்மாய் வயல்ல பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாக்கச் சொல்லி மனு

பெறுநர்: வேளாண்மை இணை இயக்குநர் அவர்கள், சிவகங்கை மாவட்டம்
அனுப்புநர்: காரைக்குடி பக்கத்து கண்மாய்ப் பாசன விவசாயி

ஐயா, வணக்கம்.

நாங்க வழிவழியா கருப்பு கவுனி போடுறோம். செட்டிநாட்டுல கல்யாண வீடுன்னா கவுனி அரிசி இல்லாம இலை நிறையாது, ஆனா போடுறவன் கைல ஒண்ணும் நிக்கல. நெல்லு ஆளு உசரத்துக்கு வளந்துரும், கதிர் வாங்குற நேரத்துல ஒரு காத்து மழை அடிச்சா அப்படியே படுத்துரும், போன வருஷம் அரை ஏக்கர்ல ஆறே மூட்டை, அதுலயும் அடில கிடந்தது முளைச்சிருச்சு.

இப்ப வேளாண் பல்கலைக்கழகம் கவுனிலேருந்தே கோ 57னு ஒரு ரகம் விட்டிருக்காங்க, 130-135 நாள்ல வந்துரும், ஹெக்டேருக்கு சராசரி 4,600 கிலோன்னு சொல்றாங்க. சந்தோஷம்தான். ஆனா புழுதில விதைச்சு கண்மாய்த் தண்ணிய நம்பி இருக்குற எங்க செம்மண்ல என்ன வரும்? அது இங்க போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.

விளைச்சல் மட்டும் பாத்தாப் பத்தாதுங்கய்யா. கவுனியோட சத்து, அந்தக் கருப்பு நிறத்தக் குடுக்குற ஆந்தோசயனின், மேல் தவிட்டுலதான் இருக்கு, மில்லுல கொஞ்சம் கூடத் தீட்டினாலே போச்சு. எங்க அப்பத்தா ராத்திரி ஊறப்போட்டா காலைல தண்ணி நாவப்பழச் சாறு மாதிரி இருக்கும், அந்தத் தண்ணியக் கீழ ஊத்தாம அதுலயே வேக வெப்பாங்க, வெந்தா கரண்டில ஒட்டணும், அப்பத்தான் சக்கரையும் தேங்காயும் நெய்யும் சேந்து பிடிக்கும். புது ரகத்துல இந்தக் கலரும் ஒட்டும் எவ்வளவு இருக்குன்னு தெரியாம ஆச்சிமார்கிட்ட எப்படி விக்கிறது?

அதனால ரெண்டு மூணு கண்மாய் ஆயக்கட்டுல, ஒரே வயலப் பாதியாப் பிரிச்சு ரெண்டு ரகத்தையும் ஒரே நாள்ல விதைக்க ஏற்பாடு பண்ணுங்க, என் வயல நானே தர்றேன். செட்டிநாடு வேளாண் கல்லூரியும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமும் பக்கத்துலதான் இருக்கு, அவங்க வந்து எங்க முன்னாடியே அறுத்து எடை போடட்டும். ரெண்டு அரிசியையும் ஒரே அளவுக்குத் தீட்டி இரும்பு, புரதம், ஆந்தோசயனின் டெஸ்ட் பண்ணி, ரிசல்ட்ட வேளாண் விரிவாக்க மையத்துல தமிழ்ல ஒட்டுங்க. புதுசு தோத்தாலும் ஒட்டுங்க, பழசு தோத்தாலும் ஒட்டுங்க.

ஆவணிக்குள்ள விதை கைக்கு வரணும்யா, அதுக்கு மேல போனா இந்த வருஷம் விதைப்புப் பட்டம் தப்பிரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள விவசாயி