சம்பளத்தைப் பார்க்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு உங்கள் நாளிதழில் வெளியான உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களை வெட்டி எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எப்போது விண்ணப்பிப்பது என்ற விவரமெல்லாம் பிள்ளைகளுக்கு ரொம்ப உதவியாக இருந்தது. ஆனால் அதில் ஆளாளுக்குச் சொல்லியிருந்த ஒரு அறிவுரைதான் என்னை உறுத்துகிறது. "சம்பளத்தைப் பார்க்காதீர்கள், மனசுக்குப் பிடித்ததைப் படியுங்கள், பணம் தானாக வரும்" என்கிறார்கள். பணம் தானாக வராது. இதை விசைத்தறியிலும் பூச்சந்தையிலும் அப்பா அம்மா வேலை பார்க்கிற, மகளிர் குழுக் கடனை வாராவாரம் கட்டுகிற ஒரு வீட்டுப் பிள்ளையிடம் சொல்வது நியாயமே இல்லை.

பிடித்ததைப் படித்து, பிடித்த வேலைக்கே போனவர்கள் கதையைப் பார்ப்போம். 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி இதற்கெல்லாம் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதச் சம்பளம் 5,000 ரூபாய். படம் வரைவதிலும் பாட்டிலும் விளையாட்டிலும் உண்மையிலேயே ஆசை இருந்ததால்தான் அவர்களில் பலர் அந்தப் படிப்புக்கே போனார்கள். பத்து வருடம் ஓடிய பிறகும் சம்பளம் பத்தாயிரத்தில்தான் நின்றது. மே மாதம் லீவு என்பதால் அந்த மாதச் சம்பளமும் கிடையாது என்ற நிலையிலேயே வருடக்கணக்காகத் தள்ளினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடியதையெல்லாம் உங்கள் பத்திரிகையும் போட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் காலையில் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, சாயங்காலம் கடைகளுக்கு போர்டு எழுதப் போவார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அதுவும் குறைந்துபோனது. அப்புறம் கல்யாண மண்டபத்தில் பரிமாறும் வேலைக்கும் போனார். அவருக்கு ஓவியம் பிடிக்காமல் போய்விட்டதா என்ன? இன்றைக்கும் ஆறாம் வகுப்புப் பையன் வரைந்த மாட்டுக்குக் கால் எங்கே தப்பாகப் போயிருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பார். மகளின் பீஸ் கட்டும் மாதத்தில் மட்டும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

நர்ஸ் வேலையும் இதேதான். சேவை, தியாகம் என்று நாம் புகழ்கிறோம், அந்தப் புகழையே காரணமாகக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த மத்திய அரசுக் குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு செவிலியருக்கு இணையாகத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளாவில் செவிலியர்கள் வேலைநிறுத்தம் வரைக்கும் போய், 2018-ல் அந்த 20,000-ஐக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்க வைத்தார்கள். அவர்களுக்கு நோயாளி மேல் அக்கறை குறைந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா? என்னிடம் படித்த பெண் ஒருத்தி சென்னையில் நர்ஸாக இருக்கிறாள். ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி "இன்னைக்கு எழுந்து நடந்தார் சார்" என்று போனில் சந்தோஷமாகச் சொல்கிறவள், அடுத்த நிமிஷமே ஹாஸ்டல் வாடகை கட்டின பிறகு ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லும்போது நான் என்ன பதில் சொல்வது? இரண்டுமே அவள் வாழ்க்கைதான்.

சரி, அப்படியானால் சம்பளத்தை மட்டும் பார்த்துப் போகலாமா என்றால், அந்தப் பக்கமும் பெற்றோர்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஐடி கம்பெனிகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் வருடத்துக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் கொடுத்தார்கள், இன்றும் பெரிய கம்பெனிகள் பலவற்றில் தொடக்கச் சம்பளம் மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. பேக்கேஜ் என்று சொல்கிற தொகையில் பிஎஃப், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவதால், கைக்கு எவ்வளவு வரும் என்பது முதல் மாத ஸ்லிப்பைப் பார்க்கும்போதுதான் வீட்டுக்குத் தெரிகிறது. இந்த வேலைக்காகக் கோடிங்கே பிடிக்காத பிள்ளையைக் கொண்டுபோய்த் தள்ளி, நாலு வருடம் அரியரோடு அல்லாட வைக்கிறோம்.

இன்னொன்று, பிடித்த பாடம் வேறு, பிடித்த வேலை வேறு. பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பாடம்தான் தெரியும், வேலை எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்? மார்க் குறைந்ததால் வேறு வழியில்லாமல் ஐடிஐ-யில் டர்னர், அதாவது லேத்தில் உலோகம் கடையும் படிப்பில் சேர்ந்த பையன் இப்போது கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கம்ப்யூட்டர் கட்டளைப்படி கடையும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறான். போன பொங்கலுக்கு வந்தபோது தான் கடைந்த பித்தளை புஷ் (நடுவில் துளையுள்ள குழல் மாதிரியான பாகம்) ஒன்றை என் மேசையில் வைத்து, "உள்ள விரல விட்டுத் தடவிப் பாருங்க சார், ஒரு கோடு தட்டுப்படாது" என்றான். பார்த்தேன், தட்டுப்படவே இல்லை. வேலைக்குப் போகும்வரை அந்தப் பையனுக்கு இதில் ஆசை என்று ஒன்றும் இருந்ததில்லை. வேலை கைவந்த பிறகு, மேஸ்திரி மரியாதையாக நடத்திய பிறகு, சம்பளமும் வருடாவருடம் கொஞ்சம் ஏறிய பிறகு வந்த ஆசைதான். எதில் ஆசை என்று தெரியவில்லையே என்று கலங்கி நிற்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் சொல்கிறேன்.

வணிகவியல் வாத்தியார் என்பதால் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு லட்சம் கல்விக்கடனைப் பத்து சதவீத வட்டியில் பதினைந்து வருடத்துக்கு நீட்டிக் கட்டினாலும் மாதத் தவணை கிட்டத்தட்ட 4,300 ரூபாய், படிக்கும் காலத்து வட்டி தனி. 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் இதைக் கட்டிக்கொண்டு மன நிறைவைப் பற்றி யோசிக்க முடியாது. அதே பிள்ளை அரசுக் கல்லூரியில் பெரிதாகக் கடனில்லாமல் படித்திருந்தால், முதல் இரண்டு மூன்று வருடம் குறைந்த சம்பளத்தைத் தாங்கிக்கொண்டு பிடித்த துறையில் காலூன்ற முடியும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. சம்பளமா மன நிறைவா என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, கடன் ஏறாமல் எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்தால் அந்தப் பிள்ளை பிறகு தானே முடிவெடுத்துக்கொள்ளும்.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த ஆண்டு வழிகாட்டிப் பக்கங்களில் ஒவ்வொரு படிப்புக்கும் பக்கத்தில், தமிழ்நாட்டில் அந்த வேலைக்குச் சேரும்போது கையில் என்ன கிடைக்கிறது, ஐந்து வருடம் கழித்து என்ன கிடைக்கிறது, நிரந்தரமா ஒப்பந்தமா, நைட் ஷிப்ட் உண்டா என்று போடுங்கள். கல்லூரிகள் விளம்பரத்தில் கொடுக்கிற தொகையை அப்படியே எடுக்காமல், உங்கள் நிருபர்கள் வேலை பார்ப்பவர்களிடமே போய்க் கேட்டு எழுதட்டும். பேட்டிக்குச் சாதித்தவர்களை மட்டும் கூப்பிடாமல், ஒரு பகுதிநேர ஓவிய ஆசிரியரையும் இரண்டு வருடம் சர்வீஸ் உள்ள ஒரு நர்ஸையும் கூப்பிடுங்கள். எங்கள் பள்ளியில் படித்து இப்போது வேலையில் இருக்கிறவர்களைப் பேச வைக்க வேண்டுமென்றால் நானே கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
சங்கரன்கோவில்.