எரேஸ் செய்யுமுன் எழுதிக் கொடுங்கள்: மதுரை மெக்கானிக்குகளுக்கும் சர்வீஸ் சென்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் டீசல் கார்களைக் கவனித்துக்கொள்ளும் பட்டறை அண்ணன்மார்களுக்கும், சர்வீஸ் சென்டர் அட்வைசர்களுக்கும், புதூர் ஐடிஐயில் படித்துவிட்டு ஸ்கேனரைக் கையில் பிடித்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் வாடகை வண்டி ஓட்டுகிறவன். சொந்த வண்டி, ஏழு பேர் உட்காரும் டீசல். மதுரைக்கு வரும் பார்ட்டிகளை ராமேஸ்வரம், கொடைக்கானல், தேக்கடி, குற்றாலம் என்று கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதுதான் பிழைப்பு. உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. செக் இன்ஜின் லைட் எரிகிறது என்று ஒரு வண்டி வந்தால், ஸ்கேனரில் தெரியும் எரர் கோடு (கோளாறுக் குறியீடு) என்ன, அது பதிவானபோது இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற இரண்டையும் அழிப்பதற்கு முன் ஜாப் கார்டில் எழுதுங்கள். ஒரு ஸ்பேரை மாற்றச் சொல்வதற்கு முன், அது கெட்டுப்போனதுதான் என்று சோதித்துக் காட்டுங்கள்.

இதை ஏன் பொதுவில் எழுதுகிறேன் என்றால், ஸ்டாண்டில் நிற்கும் பாதி டீசல் வண்டிகளுக்கு இதே கதைதான். விளக்கு எரிகிறது, பட்டறைக்குப் போகிறோம், ஸ்கேன் போட்டு எரேஸ் செய்கிறார்கள், விளக்கு அணைகிறது. சில நாளில் திரும்ப எரிகிறது. திரும்பப் போனால் ஒரு சென்சார் மாற்றுகிறார்கள். அப்புறமும் எரிகிறது. கடைசியில் பெரிய எஸ்டிமேட் ஒன்று கைக்கு வருகிறது. இதில் யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சோதனை என்ற ஒரு படியை எல்லோருமே தாண்டிப் போகிறோம் என்றுதான் சொல்கிறேன்.

என் வண்டியில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது கொடைக்கானல் மலையில். வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் ஏறத் தொடங்கி, டம்டம் பாறை வருவதற்குள் எரிந்துவிட்டது. பெருமாள்மலை பக்கம் போகும்போது பிக்கப் குறைந்தது. வண்டி நிறைய ஆட்கள், பின்னால் வரிசையாக பஸ். கீழே இறங்கி வந்ததும் ஒரு இடத்தில் ஸ்கேன் போட்டு அழித்துக் கொடுத்தார்கள். மதுரைக்குள் ஓட்டும்வரை எரியவில்லை. அடுத்த மலைச் சவாரியில் மறுபடி எரிந்தது. இன்னொரு இடத்தில் பி2002 என்று பார்த்துவிட்டு, டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். எஸ்டிமேட் ஒரு லட்சத்தைத் தாண்டியது. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கோடு அப்படித்தான் வருகிறது என்று பதில் வந்தது.

அந்தக் குறியீடு சொல்வது என்ன? அந்த வடிகட்டியின் திறன் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருப்பதாக, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ முடிவு செய்திருக்கிறது. அவ்வளவுதான். ஈசியூ வடிகட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பெரும்பாலான வண்டிகளில் டிபிஎஃப்புக்கு முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய் கிளம்பி, ஒரு சின்ன பிரஷர் சென்சாருக்குப் போகின்றன. முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த சென்சார் சொல்கிறது. வித்தியாசம் அதிகம் என்றால் கரி சேர்ந்திருக்கிறது என்று ஈசியூ எடுத்துக்கொள்ளும். இன்ஜின் இழுத்து வேலை செய்யும்போதும் வித்தியாசம் வரவே இல்லை என்றால், வடிகட்டி உடைந்துவிட்டது அல்லது அங்கே இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். வடிகட்டி நன்றாக இருந்து, அந்தக் குழாய் கிழிந்திருந்தால்? அப்போதும் ஈசியூவுக்கு வந்து சேரும் செய்தி அதேதான்.

வில்லாபுரம் பக்கம் ஒரு சின்ன பட்டறை. வயதான ஒரு மெக்கானிக். அவர் முதலில் பானெட்டைத் திறக்கவில்லை. "எங்க வச்சு எரிஞ்சது தம்பி? ஏத்தத்துலயா, சமதளத்துலயா? ஏசி ஓடுச்சா?" என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, குறியீட்டோடு சேர்ந்து பதிவாகியிருந்த ஃப்ரீஸ் ஃப்ரேமை, அதாவது அந்த நேரத்தில் இன்ஜின் இருந்த நிலையைப் பார்த்தார். இன்ஜின் நல்ல சூட்டில் இருந்திருக்கிறது, லோடு அதிகம், வேகம் குறைவு. ஆள் நிறைந்த வண்டி மலை ஏறுகிறது என்பதை நான் சொல்லாமலே அந்த எண்கள் சொல்லிவிட்டன. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்தார்.

பிறகு செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவில் அந்த அழுத்த வித்தியாசத்தைப் பார்த்தார். சைபர். வாயு எதுவும் ஓடாதபோது சைபர்தான் இருக்க வேண்டும், ஆகவே சென்சார் பொய் சொல்லவில்லை என்றார். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டார், கொஞ்சம் காட்டியது. என்னை ஆக்சிலரேட்டரை மிதித்து மூவாயிரம் ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொன்னார். கூடவே நன்றாக ஏற வேண்டிய எண் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. இன்ஜினை அணைத்து, சூடு தணியும்வரை காத்திருந்து, சென்சாருக்கு வரும் முன்பக்க ஹோஸைக் கிளாம்ப் பக்கத்தில் விரலால் மடக்கினார். நேராக இருக்கும்போது ஒன்றுமே தெரியவில்லை. மடக்கியதும் நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. அதைச் சுற்றி மெல்லிய கருப்புத் தடம். வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் வாயுவில்தானே கரி இருக்கும், அது கசிந்த இடத்தில் தன் அடையாளத்தை விட்டிருந்தது.

சூடு தாங்கும் ஹோஸ் வெட்டிப் போட்டு, புதுக் கிளாம்ப் மாட்டினார். சைலன்சர் நுனிக்குள் விரலை விட்டுப் பார்த்து, உள்ளே கரி படியவில்லை, வடிகட்டி பிடிக்கத்தான் செய்கிறது என்று காட்டினார். அதற்கு அப்புறம்தான் குறியீட்டை அழித்தார். அழித்ததோடு அனுப்பிவிடவும் இல்லை. ஸ்கேனரை மாட்டியபடியே நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறி, தாழ்ந்த கியரில் இழுக்கச் சொல்லி, எண் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். அந்த ஹோஸின் விலை ஒரு தடவை டீசல் போடும் காசுகூட இல்லை.

இந்த வேலையில் மந்திரம் எதுவும் இல்லை. நீங்கள் ஒவ்வொருவரும் செய்யக்கூடியதுதான், உங்கள் கையில் இருக்கும் ஸ்கேனரிலேயே இருக்கிறதுதான். கோளாறை வண்டியே கண்டு பதிவு செய்யும் ஓபிடி-2 முறை இந்தியாவில் நாலு சக்கர வண்டிகளுக்கு வந்தது 2013 ஏப்ரலில். பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது 2020 ஏப்ரல் 1 முதல். டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 பிபிஎம்முக்கு இறங்கியதும் அதோடுதான், டிபிஎஃப் டீசல் கார்களில் சாதாரணமாகிப்போனதும் அதோடுதான். வண்டி தன் நோயைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் காலம் இது. குறித்து வைத்ததைப் படிக்காமல் அழிப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். எரேஸ் பட்டனை அழுத்தினால் எரர் கோடு மட்டும் போவதில்லை, ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போகிறது. வண்டி தனக்குத்தானே செய்து முடித்திருந்த சுயசோதனைகளும் முதலிலிருந்து ஆரம்பிக்கின்றன. பல கோளாறுகளுக்கு ஒரே ஓட்டத்தில் விளக்கு எரியாது, அடுத்தடுத்த ஓட்டங்களிலும் அதே கோளாறு தெரிந்தால்தான் எரியும். பட்டறை வாசலில் அணைந்த விளக்கு நாலு நாள் கழித்து எரிவதற்குக் காரணம் இதுதான். கோளாறு உண்மையிலேயே சரியாகியிருந்தால், அழிக்காவிட்டாலும் பொதுவாக மூன்று நல்ல ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு தானாகவே அணையும்.

எல்லா விளக்கும் ஹோஸால் எரிவதில்லை என்பது எனக்கும் தெரியும். நம் ஊரில் அதிகம் வருவது கரி அடைப்பு. காளவாசல், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று நெரிசலிலேயே ஊர்ந்து, பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டிக்கு, சேர்ந்த கரியை எரிக்க வழியே கிடைப்பதில்லை. அதற்கு வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும், அந்தச் சூட்டில் பத்து இருபது நிமிடம் விடாமல் ஓட வேண்டும். வாடிப்பட்டி வழியாகத் திண்டுக்கல் நாலுவழிச்சாலையில் ஒரு ஓட்டம் ஓட்டினாலே பல வண்டிகளுக்குச் சரியாகிவிடும். ஆனால் வண்டி வாங்கும்போது இதை எங்களுக்கு யார் சொல்கிறார்கள்? அட்வைசர்களே, டெலிவரி கொடுக்கும் அன்று மாலை போட்டு போட்டோ எடுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். வண்டி கரியை எரித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் இன்ஜினை அணைத்தால், அதற்காகக் கூடுதலாகப் பீச்சிய டீசல் ஆயிலில் கலந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறும் என்பதையும் சொல்லுங்கள். ஆயில் குறைவதைத்தான் நாங்கள் பார்க்கப் பழகியிருக்கிறோம், கூடுவதை யாரும் கவனிப்பதில்லை.

நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கும் கரி அடைக்கிறது என்றால், வடிகட்டியைக் கழற்றுவதற்கு முன் கூலன்ட் சூட்டைப் பாருங்கள். ஓடும்போதும் 65, 70 டிகிரியிலேயே நின்றால் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூடாகாததால் பல வண்டிகளில் ஈசியூ கரியை எரிக்கவே தொடங்காது. டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் லைவ் டேட்டாவில் பார்க்க வேண்டும். ஊற்றிய ஆயில் டிபிஎஃப்புக்கு உரிய சாம்பல் குறைந்த ரகம்தானா என்றும் பாருங்கள். கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் உள்ளேயே தங்கிவிடும். வயல் ஓரத்திலும் மரத்தடியிலும் நிறுத்தும் வண்டி என்றால் எலி கடித்த வயரும் வேக்குவம் குழாயும் முதல் சந்தேகமாக இருக்கட்டும். டர்போ தரும் காற்றழுத்தம் குறைவு என்று சொல்லும் பி0299 வந்ததும் டர்போவுக்கு விலை சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டு ஈசியூவில் மாற்றம் செய்து தருகிறோம், இனிமேல் விளக்கே எரியாது என்று சிலர் சொல்கிறார்கள். செலவுக்குப் பயந்து என் கூட்டாளிகள் சிலர் அதற்குத் தயாராகவும் இருக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அப்படி மாற்றுவதை அனுமதிக்கவில்லை. அதைவிட முக்கியம், அந்தக் கரி போய்ச் சேரும் இடம். சிக்னலில் டூவீலரில் அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்துக்கு நேராகத்தான் நம் சைலன்சர் இருக்கிறது.

உங்கள் சிரமமும் எனக்குப் புரிகிறது. அரை மணி நேரம் சோதித்தால் அதற்குக் காசு கொடுக்க எங்களில் பலருக்கு மனசு வருவதில்லை. ஸ்பேரை மாற்றினால் பில் போடலாம், யோசித்ததற்குப் பில் போட்டால் சண்டைக்கு வருகிறோம். இது எங்கள் பக்கத்துத் தவறு, மாற வேண்டும். சோதனைக்குத் தனியாக ஒரு கூலி வையுங்கள், போர்டில் எழுதி மாட்டுங்கள். ஒரு லட்ச ரூபாய் எஸ்டிமேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எந்த ஓட்டுநரும் அதை மறுக்க மாட்டான். நான் ஸ்டாண்டில் எல்லோரிடமும் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

லேபில் ரத்தம் கொடுத்தால் அளவுகளைத் தாளில் போட்டு நம் கையில் தருகிறார்கள், அதை எந்த டாக்டரிடமும் காட்டலாம். காருக்கும் அதே மரியாதை வேண்டும். ஜாப் கார்டில் நாலு வரி போதும்: என்ன எரர் கோடு, எந்த ஆர்பிஎம்மில், எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் பதிவானது, எதைச் சோதித்தீர்கள், சோதித்தபோது எண் என்ன காட்டியது. உங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் அடுத்த மெக்கானிக் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சீசன். நம் வட்டாரத்து வண்டிகள் முழு லோடில் குமுளி மலையை ராத்திரியும் பகலும் ஏறும். அதற்கு முன்னால் சர்வீஸுக்கு வரும் வண்டிகளிலிருந்தே இதைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைகளை நம்பி ஓடும் ஒரு வாடகை வண்டிக்காரன்,
மதுரை.